சாரதியில்லா வண்டியும் முதியோர் போக்குவரத்தும்: யப்பானிய அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யப்பான் என்றதும் எம்மவர் மனத்தில் முதலில் எழுவது மோட்டார் வாகனமே. எமது வீதிகளில் ஓடும் கார்களிலும் வான்களிலும் பெருந்தொகையானவை அந்நாட்டில் உருவானவை. ஆனால், உலகுக்கு வாகனம் செய்து கொடுத்த அந்நாட்டிலேயே கடைக்கும் வைத்தியசாலைக்கும் சென்றுவர வழியற்ற முதியோர் இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். அன்றாடப் பொருட்களை வாங்கச் செல்வதற்கே இடர்ப்படுவோர் தொகை ஏறத்தாழ 60 இலட்சம் என யப்பானியப் பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சு 2010ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இத்தகையோரைச் சுட்ட ‘கொள்வனவு அகதிகள்’ எனப் பொருள்படும் ஒரு சொற்றொடரே யப்பானிய மொழியில் வழக்குக்கு வந்துவிட்டது. போரோ வெள்ளமோ இன்றி, இருந்த வீட்டில் இருந்தபடியே ஒருவர் அகதியாகும் நிலையை அச்சொற்றொடர் உணர்த்துகின்றது.

இந்நிலைக்குப் பரிகாரமாக அண்மைக்காலத்தில் பெரிதும் எடுத்துரைக்கப்படுவது, கணனியின் துணைகொண்டு தானாகவே ஓடும் சாரதியில்லா வண்டியாகும். கண் மங்கி, கை தளர்ந்து, அனுமதிப்பத்திரத்தைக் கையளித்துவிட்ட முதியவரையும் இவ்வண்டி ஏற்றிச் செல்லும் என்பது அதனை ஆக்குவோர் தரும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி எவ்வளவு தூரம் நிறைவேறும் என்பதை ஆராய்வதற்கு முன்னர், மற்றொரு வினாவை எழுப்புதல் வேண்டும். இம்முதியோர் தமது நடமாட்டத்தை எவ்வாறு இழந்தனர்? மூப்பு மாத்திரமா அதற்குக் காரணம்? இவ்வினாவை வரலாற்று நோக்கில் அணுகுவதும், அதன் வழியாகச் சாரதியில்லா வண்டியின் உண்மையான இடத்தை வரையறுக்க முயல்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கனவின் தோற்றம்

தானாக ஓடும் வண்டி பற்றிய எண்ணம் முதியோரை முன்னிட்டுத் தோன்றியதன்று. 1939ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துக்காக நோர்மன் பெல் கெடிஸ் என்ற வடிவமைப்பாளர் ‘பியூச்சராமா’ என்னும் மாபெரும் மாதிரி நகரை அமைத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் அமையவிருக்கும் அமெரிக்காவாக அது காட்டப்பட்டது. அகன்ற நெடுஞ்சாலைகளிலே கார்கள் தமக்கிடையேயான தூரத்தைத் தாமே பேணி விரைந்து செல்லும் எனப் பார்வையாளருக்குக் கூறப்பட்டது. 1957இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகருக்கு அண்மையில், நெடுஞ்சாலையின் ஒரு சிறு பகுதியில் நிலத்தினுள்ளே மின்சுற்றுக்கள் புதைக்கப்பட்டு, அவற்றின் துணையோடு கார் ஒன்றை நெறிப்படுத்தும் முயற்சி செய்துகாட்டப்பட்டது. அக்காலத்து அமெரிக்க விளம்பரங்களிலே, தானாக ஓடும் காரினுள் இளம் பெற்றோரும் பிள்ளைகளும் மேசையைச் சூழ்ந்திருந்து விளையாடும் காட்சி சித்திரிக்கப்பட்டது. வேகமும் ஓய்வும் நாடும் வசதிபடைத்த இளங்குடும்பமே அக்கனவின் நாயகன். பாட்டனுக்கும் பாட்டிக்கும் அந்தக் காரில் இடம் இருக்கவில்லை.

யப்பானிய ஆய்வாளரும் இத்துறையிற் காலந்தாழ்த்தவில்லை. 1977இல் யப்பானிய அரசின் இயந்திரப் பொறியியல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தோர், இரு கமெராக்களின் வழியே வீதியை நோக்கி மணிக்கு 30 கிலோமீற்றர் வரை தானாக ஓடும் கார் ஒன்றை இயக்கிக் காட்டினர். கமெராவின் துணையோடு வீதியைப் ‘பார்த்து’ ஓடிய வண்டிகளுள் அது முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. எனினும் அப்போது யப்பானில் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவிலேயே இருந்தனர். முதியோர் போக்குவரத்து ஒரு நாட்டுப் பிரச்சினையாக உருவெடுப்பதற்குப் பிறிதொரு வரலாற்றுப் போக்கு முதிர்ச்சியடைய வேண்டியிருந்தது.

புகையிரதம் கொண்டுசென்ற தலைமுறை

இரண்டாம் உலகப்போருக்குப் பிற்பட்ட யப்பானின் பொருளாதார வளர்ச்சி கிராமத்து இளைஞரின் உழைப்பிலே கட்டியெழுப்பப்பட்டது. 1954ஆம் ஆண்டு தொடக்கம் 1970களின் நடுப்பகுதி வரை, பாடசாலைப் படிப்பை முடித்த சிறுவர் சிறுமியரை வடபுலக் கிராமங்களிலிருந்து ரோக்கியோவின் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் கூட்டங்கூட்டமாக ஏற்றிச் சென்ற விசேட புகையிரதங்கள் ஓடின. ‘கூட்டு வேலைவாய்ப்புப் புகையிரதங்கள்’ என அவை அழைக்கப்பட்டன. சென்றோரிற் பலர் நகரங்களிலேயே நிலைத்துவிட்டனர். கிராமங்களில் எஞ்சியோர் முதுமையை நோக்கி நகர்ந்தனர்.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1966ஆம் ஆண்டில் நிசான் சன்னி, டொயோட்டா கொரோலா என்னும் இரு சிறு கார்கள் சந்தைக்கு வந்தன. நடுத்தர வருமானமுள்ள குடும்பமும் சொந்தக் காரை எண்ணிப் பார்க்கும் நிலை இதனால் ஏற்பட்டது. அவ்வாண்டினைச் ‘சொந்தக் கார் யுகத்தின் முதலாண்டு’ என யப்பானியர் குறிப்பிடுவர். கிராமப்புறத்தில் கார் வெகுவிரைவில் வாழ்க்கைத் தேவையாகியது. காருக்கு ஏற்றவாறு கடைகள் ஊரின் நடுவிலிருந்து பெருவீதிகளின் ஓரங்களுக்கு இடம்பெயர்ந்தன. வைத்தியசாலைகளும் அவ்வாறே தூரமாகின. அன்று இருபது முப்பது வயதில் அனுமதிப்பத்திரம் பெற்ற தலைமுறையே இன்று எண்பதைத் தொட்டும் கடந்தும் நிற்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கார் பெருகியபோது புகையிரதத்தில் ஏறுவோர் குறைந்தனர். தேசியப் புகையிரத சேவையின் கடன் மலைபோற் குவிந்தது. 1980இல் இயற்றப்பட்ட மீளமைப்புச் சட்டத்தின்கீழ், பயணிகள் குறைந்த 83 கிளைப்பாதைகள் கைவிடப்பட வேண்டியவையாகத் தெரிவுசெய்யப்பட்டன. அவற்றின் மொத்த நீளம் 3,100 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. ஹொக்கைடோவின் சிரனுக்கா பாதை 1983இல் முதலாவதாக மூடப்பட்டது. 83 பாதைகளில் 45இன் இடத்தைப் பஸ் சேவைகள் எடுத்துக்கொண்டன. ஏனைய 38 பாதைகள் உள்ளூராட்சி அமைப்புக்களும் தனியாரும் சேர்ந்த கூட்டு நிறுவனங்களிடமோ பிற நிறுவனங்களிடமோ கையளிக்கப்பட்டன. 1987 ஏப்ரலில் தேசியப் புகையிரத சேவையே பிரிக்கப்பட்டுத் தனியார்மயமாக்கப்பட்டது.

புகையிரதத்தின் இடத்தைப் பிடித்த பஸ்ஸும் நிலைக்கவில்லை. அதுவரை நட்டமடைந்த பாதையொன்றைக் கைவிட நிறுவனங்கள் அரசின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. புகையிரதத்தைப் பொறுத்தவரை 2000ஆம் ஆண்டிலும், பஸ்ஸைப் பொறுத்தவரை 2002ஆம் ஆண்டிலும் இவ்விதி தளர்த்தப்பட்டது. அனுமதிக்குப் பதிலாக முன்னறிவித்தல் கொடுத்தாற் போதும் என்றாயிற்று. சேவையை வழங்குவோருக்குக் கிடைத்த இச்சுதந்திரம், அச்சேவையன்றி வேறு வழியற்றோருக்கு நேர்ந்த இழப்பாகவும் அமைந்தது.

இவ்விடத்தில் மக்கட்தொகைக் கணக்கை ஒப்புநோக்குதல் பொருத்தமானது. யப்பானில் 65 வயதைக் கடந்தோர் விகிதம் 1970இல் நூற்றுக்கு 7ஐயும், 1994இல் 14ஐயும், 2007இல் 21ஐயும் தாண்டியது. 2023இல் அது 29க்கு மேற்பட்டது. முதியோர் தொகை இரட்டித்து மும்மடங்கான அதே ஆண்டுகளிலேயே முதியோர் நம்பியிருக்கத்தக்க பொதுப் போக்குவரத்து சுருக்கப்பட்டது. இவை இரண்டும் தற்செயலாக ஒரே காலத்தில் நிகழ்ந்தன அல்ல. இளைஞரின் வெளியேற்றமே கிராமத்தை மூப்படையச் செய்தது. அதுவே பயணிகளையும் குறைத்தது. பிள்ளைகளை ஏற்றிச் சென்ற புகையிரதம், பெற்றோர் முதுமையடைந்தபோது அவர்களுக்கு இல்லாது போயிற்று.

அனுமதிப்பத்திரத்தைக் கையளித்தல்

பஸ்ஸும் புகையிரதமும் அற்ற ஊரில் முதியவருக்கு எஞ்சியது சொந்தக் கார் ஒன்றே. ஆனால் அதுவும் நெடுங்காலம் உதவக்கூடியதன்று. முதியோர் தாமாகவே சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பியளிக்கும் முறை 1998இல் நடைமுறைக்கு வந்தது. 75 வயதைக் கடந்தோர் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றற் பரிசோதனைக்கு உட்பட வேண்டுமென்ற விதி 2009இல் அறிமுகமாகி, 2017இல் மேலும் இறுக்கமாக்கப்பட்டது.

2019 ஏப்ரலில் ரோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில், 87 வயதான ஒருவர் செலுத்திய கார் கட்டுப்பாடிழந்து பாய்ந்ததில் ஓர் இளந்தாயும் அவரது மூன்று வயது மகளும் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் தமது அனுமதிப்பத்திரங்களைத் திருப்பியளித்தனர். 2022 மே மாதத்திலிருந்து, குறித்த சில வீதி விதிகளை மீறிய 75 வயதைக் கடந்தோர் செலுத்துகைத் தேர்விலும் சித்தியடைய வேண்டியவராயினர்.

இவ்விதிகளின் நியாயத்தை எவரும் மறுத்தல் இயலாது. ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாக எந்த முதியவரின் வசதியையும் வைக்க முடியாது. எனினும், ரோக்கியோவில் அனுமதிப்பத்திரத்தைக் கையளிப்பவர் மறுநாள் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஏறலாம். மலைக்கிராமத்தில் கையளிப்பவரோ மறுநாள் தம் வீட்டு வாசலிலேயே நிற்பார். ஒரே விதி இருவேறு வாழ்க்கைகளை இவ்வாறு இருவேறு விதமாகத் தாக்குகின்றது. அனுமதிப்பத்திரத்தைக் கைவிடாத கிராமத்து முதியவரைப் பிடிவாதக்காரர் எனக் குறைகூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்வதில்லை.

இரு வழிகள்

சாரதியில்லா வண்டி யப்பானியக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது இப்பின்னணியிலேயே. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கதாகும். அம்மாதத்தில் ஹொண்டா நிறுவனம், நெடுஞ்சாலை நெரிசலின்போது சாரதியின் கண்காணிப்பின்றியே ஓடத்தக்க ‘லெஜண்ட்’ காரை வெளியிட்டது. நூறு கார்களே, குத்தகை முறையில் வழங்கப்பட்டன. ஒன்றின் விலை 110 இலட்சம் யென். அதே மாதத்தில் புக்குயி மாவட்டத்தின் எய்ஹெய்ஜி என்னும் சிற்றூரில், ஒருவர் தூரத்திலிருந்து மூன்று வண்டிகளைக் கண்காணிக்கும் சேவையொன்று தொடங்கியது. அவ்வண்டிகள் கொல்ஃப் மைதானத்தில் ஓடும் சிறுவண்டிகளை ஒத்தவை. முன்னது 1939ஆம் ஆண்டுக் கனவின் நேர்வாரிசு. பின்னதன் வரலாறு முற்றிலும் வேறானது.

எய்ஹெய்ஜி, தோகென் என்ற துறவி 1244இல் நிறுவிய சென் பௌத்த மடாலயத்தால் புகழ்பெற்ற ஊர். அம்மடாலயத்துக்குச் செல்லும் ஆறு கிலோமீற்றர் நீளமான தனியார் புகையிரதப் பாதையொன்று அங்கிருந்தது. அப்பாதையை நடத்திய நிறுவனத்தின் புகையிரதங்கள் 2000 டிசம்பரிலும் 2001 ஜூனிலும் நேருக்கு நேர் மோதியதன் விளைவாக, அப்பகுதியின் புகையிரத சேவை முழுவதும் நிறுத்தப்பட்டது. மாற்றாக விடப்பட்ட பஸ்கள் நெரிசலிற் சிக்கின. பனிக்காலத்தில் வீதிகள் முடங்கின. மாணவரும் முதியோரும் அல்லற்பட்டனர். பொதுப் போக்குவரத்து இல்லாவிடில் யாது நிகழும் என்பதை அறியும் ‘எதிர்மறைச் சமூகப் பரிசோதனை’ என அக்காலம் பின்னர் வருணிக்கப்பட்டது. அதன் பயனாக மக்களும் உள்ளூராட்சி அமைப்புக்களும் இணைந்து புதிய நிறுவனமொன்றை உருவாக்கி, 2003இல் ஏனைய பாதைகளை மீட்டனர். மடாலயத்துக்குச் செல்லும் கிளைப்பாதை மட்டும் 2002இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

தண்டவாளம் அகற்றப்பட்ட அந்தப் பாதையிலேயே சாரதியில்லா வண்டி ஓடத் தொடங்கியது. நிலத்தினுள்ளே புதைக்கப்பட்ட மின்கம்பியைப் பின்பற்றி, மணிக்கு 12 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில், ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தூரம் அது சென்றது. 1957இல் நெப்ராஸ்காவிற் காட்டப்பட்ட நெறிமுறையின் உறவுமுறையே இது. அன்று அதிவேக நெடுஞ்சாலைக்காக எண்ணப்பட்ட தொழில்நுட்பம், துவிச்சக்கரவண்டியின் வேகத்தில், மூடப்பட்ட புகையிரதப் பாதையிலே பயன் கண்டது. 2023 ஏப்ரலில் திருத்தப்பட்ட வீதிப் போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்ததையடுத்து, அவ்வாண்டு மே மாதத்தில், குறித்த நிபந்தனைகளுக்குள் சாரதியின் தேவையே அற்ற நான்காம் நிலைச் சேவை யப்பானில் முதன்முதலாக எய்ஹெய்ஜியிலேயே ஆரம்பமாயிற்று.

இச்சேவையின் வரம்புகளையும் மறைத்தல் தகாது. தொடக்கத்தில் அது வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலுமே இயங்கியது. மடாலயத்துக்கு வரும் யாத்திரிகருக்கு அது பயன்பட்டது. வாரநாட்களில் வைத்தியரை நாடும் முதியவருக்கு அதனால் விளைந்த பயன் சிறிதே. 2023 ஒக்டோபரில் பாதையோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த துவிச்சக்கரவண்டியொன்றில் வண்டி உரசியது. எவரும் காயமடையவில்லை. ஆயினும் காரணத்தை ஆராய்ந்து திருத்தம் செய்து 2024 மார்ச்சில் மீண்டும் தொடங்கும் வரை சேவை நிறுத்தப்பட்டது. கிழவர் ஒருவர் சாய்த்துவைத்த சைக்கிளைக் கண்டுகொள்ளும் திறன் எந்தக் கிராமத்துச் சாரதிக்கும் இயல்பாக அமைந்தது. அதனை இயந்திரத்துக்குக் கற்பிக்க மாதங்கள் தேவைப்பட்டன.

கமிக்கோஅனி காட்டும் பாதை

அக்கிதா மாவட்டத்து மலைக்கிராமமான கமிக்கோஅனியின் அனுபவம் இதனின்றும் வேறுபட்டது. அங்கு வாழ்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2019 நவம்பரில், நிலத்தினுட் புதைக்கப்பட்ட கம்பியைப் பின்பற்றி ஓடும் இதேவகைச் சிறுவண்டி அங்கு கட்டணச் சேவையாகத் தொடங்கியது. கட்டணம் 200 யென். வீடுகள் உள்ள பகுதிகளையும் பெருவீதியோரத்துத் தங்குமிடச் சந்தையையும் அது இணைத்தது. வண்டி தானாக ஓடக்கூடியதாயினும், ஊர் மக்களிலே ஒருவர் அதில் ஏறி அமர்ந்து கவனித்துக்கொண்டார். சேவையை நடத்தியதும் அவ்வூர் மக்களின் இலாபநோக்கற்ற சங்கமே.

இச்சங்கம் வண்டியோடு தோன்றியதன்று என்பதே இங்கு முக்கியமானது. பஸ்ஸும் டாக்சியும் அற்ற ஊர்களில், மக்கள் சங்கங்கள் தமது வாகனங்களிலேயே அயலவரைக் கட்டணம் பெற்று ஏற்றிச் செல்வதற்கான பதிவுமுறை 2006இல் சட்டமாக்கப்பட்டது. அயலவரை அயலவர் ஏற்றிச் செல்லும் வழக்கம் கமிக்கோஅனியில் முன்னரே வேரூன்றியிருந்தது. இயந்திரம் அதனுடன் வந்து சேர்ந்தது. நகரப்புறத்திலும் இதற்கு ஒப்பான முன்னுதாரணம் உண்டு. ரோக்கியோவை அடுத்த முசாஷினோ நகரசபை 1995 நவம்பரில் ‘மு பஸ்’ என்னும் சிறுபஸ் சேவையைத் தொடங்கியது. ஒடுங்கிய குடியிருப்பு வீதிகளினூடே, ஏறத்தாழ 200 மீற்றருக்கு ஒரு தரிப்பிடமாக, 100 யென் கட்டணத்தில் அது ஓடியது. முதியவர் ஒருவர் களைப்பின்றி நடக்கக்கூடிய தூரம் யாது என்பதை முன்வைத்தே அச்சேவை வகுக்கப்பட்டது. அதில் நுண்மையான இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. முதியவரின் காலடியை அளவுகோலாகக் கொண்ட சிந்தனை இருந்தது. நாடெங்கும் நகரசபைகள் பின்பற்றிய முன்மாதிரியாக அது விளங்கிற்று.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். மக்கள் சங்கமும் நகரசபையும் எவ்வளவு முயன்றாலும் வண்டியைச் செலுத்த ஆள் வேண்டுமல்லவா? இம்மறுப்பு வலுவானது. ஒசாக்கா மாவட்டத்தின் தென்கிழக்கில் இயங்கிவந்த கொங்கோ பஸ் நிறுவனம், சாரதிப் பற்றாக்குறையையும் வருமான வீழ்ச்சியையும் காரணங்காட்டி, 2023 டிசம்பரில் தனது பஸ் சேவைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. பெருநகரொன்றின் அயலிலேயே நிலைமை இதுவாயின் மலைக்கிராமங்களைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் சாரதிகளின் மேலதிக வேலைநேரம் சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்டமை தொழிலாளர் நலன் கருதிய நியாயமான நடவடிக்கையே. ஆயினும் பற்றாக்குறையை அது மேலும் வெளிப்படுத்தியது. முதியோரை ஏற்றிச் செல்லும் சாரதிகளும் முதியோராகிவரும் சமுதாயத்தில் இயந்திரத்தின் துணை தவிர்க்கவியலாதது. ஆகவே சாரதியில்லா வண்டியை வீண் ஆடம்பரம் எனத் தள்ளிவிட முடியாது.

எனினும் இயந்திரம் ஈடுசெய்வது சாரதியின் ஒரு தொழிலை மட்டுமே. கிராமத்துப் பஸ்ஸின் சாரதி வண்டியைச் செலுத்துவதோடு நிற்பதில்லை. படியேற முடியாதவருக்குக் கைகொடுக்கின்றார், வழக்கமாக வருபவர் வராதபோது விசாரிக்கின்றார், பையைத் தூக்கிவைக்கின்றார். கமிக்கோஅனியின் வண்டியில் ஏறியமர்ந்த ஊரவரின் பணியும் இதுவே. தானாக ஓடும் வண்டி அவரைச் செலுத்தும் கடமையிலிருந்து விடுவிக்குமாயின், முதியவரைக் கவனிக்க அவருக்கு மேலும் நேரங் கிடைக்கும். அவரையே நீக்கிவிடுவதற்கு அது கருவியாக்கப்படுமாயின், வண்டி வாசலில் வந்து நின்றும் ஏறமுடியாத முதியவர் வீட்டினுள்ளேயே இருப்பார்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து சில உண்மைகள் தெளிவாகின்றன. யப்பானிய முதியோரின் நடமாட்டத்தை மூப்பு மாத்திரம் பறித்துவிடவில்லை. இளைஞரை நகருக்கு ஈர்த்த தொழில்வளர்ச்சி, கடைகளையும் வைத்தியசாலைகளையும் தூரமாக்கிய கார்ப் பெருக்கம், கிளைப்பாதைகளை மூடிய 1980ஆம் ஆண்டுச் சட்டம், 2000, 2002ஆம் ஆண்டுகளின் விதித்தளர்வுகள் ஆகிய யாவும் மனிதர் கூடியெடுத்த தீர்மானங்களின் விளைவுகள். மனிதரின் தீர்மானத்தால் விளைந்ததை மனிதரின் தீர்மானத்தாலேயே மாற்றவும் முடியும். 2003இல் புக்குயி மாவட்ட மக்கள் தமது புகையிரதத்தை மீட்டெடுத்தமை இதற்குச் சான்று.

சாரதியில்லா வண்டியின் இடமும் இதனால் துலக்கமாகின்றது. தனியொருவர் விலைகொடுத்து வாங்கும் காராக அது வளருமாயின், வாங்க வல்லவரான முதியோரே பயனடைவர்; நூறு கார்கள் நூறு வீடுகளோடு நின்றுவிடும். குறித்த பாதையில், குறைந்த வேகத்தில், பொதுப்பணத்தின் துணையோடு, ஊரவரின் பொறுப்பில் அது இயங்குமாயின், மூடப்பட்ட கிளைப் புகையிரதத்தின் வாரிசாக அது அமையும். எய்ஹெய்ஜியில் அது அவ்வாறே, உண்மையிலேயே பழைய புகையிரதப் பாதையின் மேல் ஓடியது.

வண்டியை யார் செலுத்துவது என்னும் வினாவுக்குப் பொறியியலாளர் விடை காண்பர். அது வாரநாட்களிலும் ஓடுமா, வைத்தியசாலை வாசல் வரை செல்லுமா, நட்டம் வந்தபோதும் நிறுத்தப்படாதிருக்குமா என்னும் வினாக்களுக்கு விடைகூற வேண்டியது சமுதாயமே. முதியவர் வெளியே செல்வதை ஓர் உரிமையாக ஏற்றுக்கொள்ளும் சமுதாயத்திற் சாரதியில்லா வண்டி நல்லதொரு கருவி. அவ்வுரிமையை ஏற்காத சமுதாயத்திலோ, 1980களில் புகையிரதம் நிறுத்தப்பட்டதைப் போலவே, பயணிகள் குறைவு என்ற அதே காரணங்கூறி அவ்வண்டியும் ஒருநாள் நிறுத்தப்படும்.